தொடுத்த வழக்கை நிறுத்தலாமா?

சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்றை இரண்டு நாள் மேசைமீதே வைத்திருந்தோம். விடை தெரியாமையால் அன்று. அவசரப்பட்டு விடை எழுதிவிடக் கூடாதே என்னும் அச்சத்தால். அச்சத்திற்குக் காரணம் பின்னர்க் கூறுவோம். முதலில் மடலின் செய்தியை, எழுதிய சகோதரியின் இசைவோடு, ஆளும் ஊரும் அறியப்படாதபடி சுருக்கித் தருகிறோம்.

அவர் ஓர் ஆசிரியை. திருமணமாகி 11 ஆண்டுகள். 9 வயதில் ஒரு மகள். இவ்வாண்டு புதுநன்மை வாங்க இருக்கிறாள். கணவர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் சிறு பட்டறை ஒன்றைச் சொந்தமாக நடத்துபவர். குடிப்பழக்கம் இல்லை, கை நீட்டியதும் இல்லை என்று சகோதரியே எழுதுகிறார். பின்னர் என்னதான் குறை? கணவரின் தம்பி வியாபாரத்தில் நொடித்துப்போனபோது, மனைவியின் நகைகளில் 18 பவுனை, அவரிடம் ஒரு சொல்லும் கேளாது எடுத்துச்சென்று இவர் அடகு வைத்துவிட்டார். வங்கியின் ஏல அறிவிப்பு தபாலில் வந்த அன்றுதான் மனைவிக்குச் செய்தி தெரிந்தது. அன்று மாலையே அவருடைய அண்ணன் பட்டறைக்குப் போய், வேலையாட்கள் நால்வரின் கண்முன்னே, நடுத்தெருவில் மைத்துனரின் சட்டையைப் பிடித்தார். கணவர் எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். ஆனால் அன்றுமுதல் அவர் மனைவி வீட்டு வாசற்படியை மிதிக்கவுமில்லை. மனைவி மகளை அழைத்துக்கொண்டு தாய் வீடு சென்றார். வந்து அழைப்பார் என்று அவரும், தாமாகத் திரும்பி வருவார் என்று இவரும் காத்திருந்ததில் 3 ஆண்டுகள் கழிந்தன.

பெரியவர்கள் பேசினார்கள். பேசியது சேர்த்து வைக்க அன்று, சிக்கலின்றிப் பிரித்து வைக்க. இருவரும் மனமொத்துப் பிரிவதாகக் குடும்ப நல நீதிமன்றத்தில் கூட்டு மனு அளித்தனர். அளித்து 4 திங்கள் ஆகின்றன. மகள் தாயிடம் இருப்பாள், கணவர் இரு தவணைகளில் ஒரு தொகை தருவார், சீர்வரிசைப் பொருள்கள் பட்டியலிட்டுத் திருப்பித் தரப்படும், இவை உடன்படிக்கை.

அந்தப் பட்டியல்தான் வினையாயிற்று. கணவர் அதைத் தம் கைப்பட எழுதி அனுப்பியிருக்கிறார். கட்டில், பீரோ, கிரைண்டர், எவர்சில்வர் குடங்கள் என்று வரிசை எண்ணிட்டு எழுதியவர், நகைகளின் பகுதியில் ஒவ்வொன்றின் எதிரேயும் அது வங்கியிலிருந்து மீட்கப்பட்ட தேதியைக் குறித்திருக்கிறார். 18 பவுனில் 11 பவுன், இந்த மூன்றாண்டில், ஒவ்வோர் உருப்படியாக, எவருக்கும் சொல்லாமல் மீட்கப்பட்டிருக்கிறது. பட்டியலின் கடைசி வரிசை எண் 31. அதில், வேளாங்கண்ணியில் வாங்கிய குடை ஒன்று என்றும், அதன் கம்பி ஒன்று ஒடிந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

சகோதரி எழுதுகிறார்: "அந்தக் குடையை நான் மறந்தே போயிருந்தேன். கல்யாணமான வருஷம் திருவிழாவில் மழை பிடித்துக்கொண்டபோது வாங்கியது. ஒடிந்த கம்பியையும் எழுதியிருக்கிறாரே என்று சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என்னால் போட முடியவில்லை."

அண்ணனிடம் சொன்னாராம். இத்தனை தூரம் வந்தபின் பின்வாங்கினால் ஊர் சிரிக்கும் என்றாராம் அவர். வழக்கறிஞரின் குமாஸ்தாவைக் கேட்டாராம். "மனுப் போட்டாயிற்று அம்மா, இனி ஒருவர் மட்டும் திரும்ப முடியாது" என்று விடை வந்ததாம். சகோதரி நம்மிடம் கேட்பவை இரண்டு. குமாஸ்தா சொன்னது உண்மையா? தமக்கு வந்திருப்பது மனமாற்றமா, அல்லது வெறும் மனத்தளர்ச்சியா?

முதற் கேள்விக்கு விடை எளிது. அதை முதலில் முடித்துக்கொள்வோம்.

குமாஸ்தா சொன்னது சரியன்று. இந்தியக் கிறிஸ்தவர்களின் மணவிலக்கிற்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1869-ஆம் ஆண்டுச் சட்டம். நம் பாட்டனார் காலத்திலே அச்சட்டத்தின்கீழ் மணவிலக்குப் பெறுவது மலையைப் புரட்டுவது போன்றது. கணவன் மனைவியின் பிறர்மனைத் தொடர்பை மெய்ப்பித்தால் போதும். மனைவியோ அதனோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். மாவட்ட நீதிபதி அளித்த தீர்ப்பாணையும் உயர்நீதிமன்றம் உறுதி செய்தாலன்றிச் செல்லாது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் இவற்றையெல்லாம் மாற்றியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் காரணங்களைச் சமமாக்கியதோடு, மனமொத்த மணவிலக்கிற்கென 10-ஏ என்னும் புதுப் பிரிவையும் சேர்த்தது. அப்பிரிவின்படி மனு அளித்த நாளிலிருந்து 6 திங்களுக்கு முன்னர் அன்றி, 18 திங்களுக்குள் இருவரும் சேர்ந்து மீண்டும் நீதிமன்றத்தின்முன் வேண்டினால்தான் தீர்ப்பாணை பிறக்கும். "இருவரும்" என்னும் சொல்லைச் சகோதரி அடிக்கோடிட்டுக்கொள்ளட்டும். இரண்டாம் முறை இருவருள் ஒருவர் "எனக்கு இதில் விருப்பம் இல்லை" என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டால், மனமொத்த மணவிலக்கில் மனம் ஒத்தது எங்கே இருக்கிறது? இதே அமைப்புடைய இந்துத் திருமணச் சட்டப் பிரிவைப் பற்றி 1991-இல் உச்சநீதிமன்றம் தெளிவாகவே கூறியுள்ளது: தீர்ப்பாணை பிறக்கும்வரை இருவரின் இசைவும் நிலைத்திருக்க வேண்டும், ஒருவர் தம் இசைவை மீட்டுக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். அந்த 6 திங்கள் காத்திருப்பு எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்கலாகாது. சேர்ந்து வாழ வழியே இல்லை என்று தெளிந்த வழக்குகளில் அதை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று, அதே இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ், 2017-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் காத்திருப்பைக் குறைக்கக் கோரும் விண்ணப்பங்களில் கையொப்பம் வாங்குவது பெருகிவிட்டது. யோசிக்க விரும்புபவர் அத்தகைய தாளில் கையொப்பமிட வேண்டா. நீட்டப்படும் தாள் எது என்று கேட்டறிந்தபின் கையொப்பமிடுவது எவருக்கும் இழுக்கன்று. ஆசிரியை ஒருவருக்கு இதை நாம் சொல்ல வேண்டியிருப்பதுதான் வியப்பு. நீதிமன்ற வளாகத்தின் கூட்டத்தில் படித்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடுவதைக் கண்டிருக்கிறோம்.

மனமொத்த மனுவாக இல்லாமல், ஒருவர் மற்றவர்மேல் குற்றஞ்சாட்டித் தொடுத்த வழக்காயின், தொடுத்தவரே அதைத் திரும்பப் பெறலாம். இதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. குடும்ப நல நீதிமன்றங்களைத் தோற்றுவித்த 1984-ஆம் ஆண்டுச் சட்டமோ, இயன்றவிடத்தெல்லாம் முதலில் இணக்கத்திற்கு முயல வேண்டும் என்று நீதிபதிக்கே கடமை விதிக்கிறது. வழக்கின் எந்தக் கட்டத்திலேனும் இணக்கத்திற்கு வாய்ப்புண்டு என்று தோன்றினால் அவர் வழக்கை ஒத்திவைக்கலாம். அங்கே வழக்கறிஞரை வைத்து வாதாடுவதைக்கூட ஓர் உரிமையாகக் கோர முடியாது என்பது பலருக்குத் தெரியாது. கணவனும் மனைவியும் தம் வாயாலேயே பேசட்டும் என்பது அச்சட்டத்தின் கருத்துப் போலும். எனவே நீதிபதியின்முன் எழுந்து நின்று, "ஐயா, எங்களுக்கு இன்னும் சிறிது காலம் வேண்டும்" என்று சொல்ல எவரும் கூச வேண்டியதில்லை. அச்சொல்லைக் கேட்பதற்காகவும் அமைந்த இருக்கை அது.

தீர்ப்பாணை பிறந்துவிட்டால் நிலைமை வேறு. அதன்பின் மனம் மாறிச் சேர்பவர்கள் அரசின் கண்ணில் கணவன் மனைவி அல்லர்; மீண்டும் சட்டப்படி மணமுடித்துப் பதிவு செய்தாக வேண்டும். திருச்சபையின் கண்ணிலோ அவர்கள் என்றும் கணவன் மனைவியே. முறைப்படி நிறைவேறி, இல்வாழ்விலும் நிறைவெய்திய திருமண அருட்சாதனத்தை எந்த மனித அதிகாரமும் அவிழ்க்க இயலாது என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1141-ஆம் இலக்கம். இந்த இரு கணக்குகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நம் மறைமாவட்டத் தீர்ப்பாயம் ஒரு திருமணம் தொடக்கமுதலே செல்லாதது என்று கூறினாலும், அரசுச் சட்டத்தின்முன் அது மணவிலக்கு ஆகாது என்று 1996-இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. நீதிமன்றத்தின் மணவிலக்கும் அவ்வாறே நம் கோவிற் பதிவேட்டில் எழுதப்பட்ட திருமணத்தை அழிப்பதில்லை. சகோதரியின் திருமணப் பதிவு எந்தப் பங்கில் இருக்கிறதோ அந்தப் பதிவேட்டில், இந்த 4 திங்களில், ஓர் எழுத்தும் மாறவில்லை.

இனி இரண்டாம் கேள்வி. நாம் இரண்டு நாள் அஞ்சியது இதற்குத்தான்.

பல ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியை எழுதத் தொடங்கிய புதிதில், இதேபோல் ஒரு பெண்மணி நேரில் வந்து ஆலோசனை கேட்டார். வழக்கைத் திரும்பப் பெற விரும்புவதாகச் சொன்னார். நமக்கோ மகிழ்ச்சி தாளவில்லை. ஏன் வழக்குத் தொடுத்தீர்கள் என்று நாம் கேட்கவில்லை. ஏன் திரும்பப் பெறுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. பிரிந்தவர் சேர்வதைவிட நற்செய்தி உண்டா என்று வாழ்த்தி அனுப்பினோம். 8 திங்கள் கழித்து, ஒரு கையில் மாவுக்கட்டோடு அவர் மீண்டும் வந்தார். முதன்முறை வந்தபோதும் அவருக்கு இருந்தது அச்சமே, மனமாற்றம் அன்று. குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்திற்கு வழியில்லை, தம்பி மனைவி முகம் கோணுகிறாள், எனவே திரும்பிப் போயிருக்கிறார். போன இடத்தில் குடியும் அடியும் முன்போலவே காத்திருந்தன. அந்தத் தவறு நம்முடையது. கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேளாமல் விட்டதற்கு அவர் எலும்பு விலை கொடுத்தது.

ஆதலின் மனமாற்றம் என்று எவர் வந்து சொன்னாலும் நாம் இப்போது கேட்பது ஒன்றே: பிரிவுக்குக் காரணமாயிருந்ததில் என்ன மாறியிருக்கிறது? தனிமை பொறுக்கவில்லை என்பதும், தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் உறவினர் வீட்டில் ஒண்டி நிற்பது நாணமாக இருக்கிறது என்பதும், மகள் அப்பாவைக் கேட்கிறாள் என்பதும் உண்மையான துயரங்களே. நாம் அவற்றை எள்ளவில்லை. ஆனால் அவை இந்தப் பக்கத்துத் துயரங்கள். அந்தப் பக்கத்தில் என்ன நடந்திருக்கிறது என்பதை அவை சொல்லமாட்டா. அடிக்கிறவர் அடிப்பதை விட்டிருக்கிறாரா? குடிப்பவர் சிகிச்சைக்குப் போயிருக்கிறாரா? இவற்றிற்கு விடை இல்லை என்றால், வழக்கை நிறுத்துவது நல்லுறவுக்கு வழியாகாது. உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெருங்கேடு விளைவிக்கும் துணையைப் பிரிந்து வாழ 1153-ஆம் இலக்கத்தில் திருச்சபையே இடம் தந்திருக்கிறது. சில வேளைகளில் பிரிவு தவிர்க்க முடியாதது, ஒழுக்க நெறிப்படி தேவையானதும்கூட என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட குடும்பம் பற்றிய ஊக்கவுரையில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அடிபடும் பெண்ணைப் பார்த்து, "சிலுவையைச் சுமந்துகொள், அம்மா" என்று சொல்லி அனுப்பும் பெரியவர்கள் நம் பங்குகளில் இன்னும் உண்டு. அவர்கள் அந்தப் பகுதியைப் படிப்பார்களாக. அத்தகைய இடரில் இருப்பவர் இப்பத்திரிகைக்கு மடல் எழுதிக் காத்திராமல் 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அழைப்பதே முறை. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வழக்கு எந்நிலையில் இருந்தாலும் அவருக்குத் துணை நிற்கும்.

இந்தச் சகோதரியின் நிலை அதுவன்று என்பதை அவருடைய மடலே காட்டுகிறது. பிரிவுக்குக் காரணமாயிருந்தது என்ன? கேளாமல் எடுக்கப்பட்ட நகை. அதில் ஏதேனும் மாறியிருக்கிறதா? 11 பவுன் மாறியிருக்கிறது. காயில் கட்டும் பட்டறையில் வரும் வருவாயை நாம் அறிவோம். இன்றைய பொன் விலையையும் வாசகர் அறிவர். வட்டியும் அசலுமாக ஒவ்வோர் உருப்படியாய் மீட்பதற்கு அம்மனிதர் எத்தனை இரவுகள் விளக்கெரித்து வேலை செய்திருப்பார்! அடகிலிருந்து எடுப்பதை நம் மொழியில் மீட்பது என்கிறோம். ஆண்டவரையும் மீட்பர் என்றுதான் அழைக்கிறோம். ஓசேயா இறைவாக்கினர் தம்மை விட்டு நீங்கிய மனைவியை மீண்டும் அழைத்துவரக் கொடுத்த விலை வேதத்திலே கணக்காக எழுதப்பட்டிருக்கிறது: 15 வெள்ளிக் காசும், அளந்து கொடுத்த வாற்கோதுமையும். மன்னிப்பைப் பற்றி எழுதும்போது வேதம் இவ்வளவு சில்லறைக் கணக்குப் பார்க்கிறதே என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. இப்போது அது விந்தையாகத் தோன்றவில்லை.

ஆயினும், அவர் மீட்டார் என்பதற்காகச் சகோதரி எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பொன் வந்துவிட்டது, "உன்னைக் கேளாமல் செய்தது தவறு" என்னும் சொல் இன்னும் வரவில்லை. அச்சொல் வராமல் குடித்தனம் தொடங்கினால், அடுத்த முறை தம்பிக்கு முடை வரும்போது பீரோச் சாவியைப் பற்றிய ஐயம் எழுந்தே தீரும். இன்னொரு பக்கமும் உண்டு. சகோதரி வருந்தக் கூடாது. நடுத்தெருவில் பிடிக்கப்பட்ட சட்டை கணவருடையது. அவர் அன்று திருப்பி அடிக்கவில்லை என்று மடலில் ஒரே வரியில் கடந்து சென்றிருக்கிறீர்கள். அந்த மூன்றாண்டு மௌனத்திற்கு நகையைவிடச் சட்டையே பெரிய காரணமாக இருக்கும் என்பது நம் ஊகம். ஆண்மக்கள் பணத்தை இழந்ததைச் சொல்லிவிடுவார்கள். வேலையாட்களின்முன் தலைகுனிந்ததைச் சொல்லமாட்டார்கள். அண்ணன் செய்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் அன்று இரவு நீங்கள் அவருக்காக வருந்தினீர்களா என்பதை அவர் இன்றுவரை அறியார்.

திருச்சபைச் சட்டம் வறண்டது என்பார்கள். 1155-ஆம் இலக்கத்தைப் படிப்பவர் அப்படிச் சொல்லமாட்டார். குற்றமற்ற துணை, மற்றவரை மீண்டும் இல்வாழ்வுக்கு ஏற்றுக்கொள்வது பாராட்டுக்குரியது என்கிறது அது. கவனியுங்கள்: கட்டளை இடவில்லை, பாராட்டுகிறது. ஏற்றுக்கொள்பவர் பிரிந்திருக்கும் தம் உரிமையை விட்டுக்கொடுக்கிறார் என்றும் சொல்கிறது. அதாவது அது ஓர் உரிமை என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே, விட்டுக்கொடுப்பதைப் புகழ்கிறது. புனித பவுலும் கொரிந்தியருக்கு எழுதியபோது, பிரிந்து சென்ற மனைவி வேறு மணமின்றி இருக்கட்டும், அல்லது கணவனோடு ஒப்புரவாகட்டும் என்றே வழி காட்டினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் கோபித்துக்கொண்டு தாய் வீடு போனவர்கள் இருந்தார்கள் என்று தெரிகிறதன்றோ!

"ஊர் சிரிக்கும்" என்கிறாரே அண்ணன், அதைப் பற்றியும் ஒரு சொல். ஊர் சிரிக்கும், உண்மைதான். இரண்டு ஞாயிறு சிரிக்கும். மூன்றாம் ஞாயிறு வேறு யாரேனும் அகப்படுவார்கள். வழக்கு என்பது கணவன் மனைவி இருவருக்குள் தொடங்கி, சிறிது சிறிதாக மற்றவர்களின் சொத்தாகிவிடுகிறது. பேசி முடித்த மாமனுக்கு அது அவர் சாமர்த்தியம். செலவுக்குப் பணம் தந்த அண்ணனுக்கு அது அவர் பாசம். எனவே அதை நிறுத்துவதாகச் சொன்னால் அவர்கள் தமக்கே அவமானம் நேர்ந்ததுபோல் துடிக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்த அண்ணன் தங்கைக்காகத்தான் சட்டையைப் பிடித்தார். அவரிடம் வழக்கை நிறுத்த உத்தரவு கேட்காதீர்கள், சகோதரி, கிடைக்காது. முடிவு செய்தபின் அவரிடம் முதலில் சொல்லுங்கள். வேறொருவர் வாயால் அவர் கேள்விப்படக் கூடாது.

செய்ய வேண்டியதைச் சுருங்கச் சொல்வோம். நீதிமன்றத்திற்குப் போகுமுன் அவரோடு பேச வேண்டும். தொலைபேசியில் வேண்டா, குறுஞ்செய்தியில் அறவே வேண்டா. உங்கள் வீட்டிலும் அவர் வீட்டிலும் அல்லாத இடமாக இருக்கட்டும். பங்குத்தந்தையின் இல்லம் நன்று. அல்லது உங்கள் திருமணத்திற்குச் சாட்சிக் கையொப்பமிட்ட இருவர் உயிரோடிருந்தால் அவர்களுள் ஒருவர் வீடு. சாட்சிகளை நாம் திருமண நாளோடு மறந்துவிடுகிறோம். அவர்களுக்கு இதுவும் ஒரு வேலைதான். பேச்சு கூடிவந்தால், இருவருமே வழக்கறிஞரிடம் சென்று, மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம். அவருக்குரிய கட்டணத்தைக் குறைவின்றித் தந்துவிடுங்கள். பெரும்பாலான வழக்கறிஞர்கள் இதில் மகிழ்ச்சியே அடைவார்கள். தம் கட்சிக்காரர்கள் சேர்ந்துவிட்டதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட ஒருவரை நாம் அறிவோம். பேச்சு முடிவுக்கு வாராமல், காலம் மட்டும் தேவைப்பட்டால், 6 திங்கள் முடிந்தவுடன் ஓட வேண்டியதில்லை. சட்டம் 18 திங்கள் வரை தருகிறது.

மற்றொன்று. இவர்களுக்கிடையே வேறு வழக்கு இல்லை என்று மடலிலிருந்து தெரிகிறது; ஆனால் இதைப் படிக்கும் பலருக்கு இருக்கும். மணவிலக்கு மனுவை நிறுத்தினால் மற்ற வழக்குகள் தாமாக நின்றுவிடா. ஜீவனாம்ச மனு தனி. அதைத் தனியே முடிக்க வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுமைக் குற்றம் பதிவாகியிருந்தால் அது இன்னும் கடினம். பழைய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ என்றும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள நியாய சன்ஹிதாவில் 85 என்றும் எண்ணுடைய அக்குற்றத்தை, புகார் தந்தவர் "விட்டுவிட்டேன்" என்றதும் காவல் நிலையமோ கீழ்நீதிமன்றமோ விட்டுவிட முடியாது. இருவரும் இணங்கிய நிலையில் உயர்நீதிமன்றத்தை அணுகினால் அது வழக்கை நீக்கலாம் என்று 2003-இல் உச்சநீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. வீட்டில் சமாதானமாகிக் குழந்தையும் பிறந்தபின், மறந்துபோன பழைய வழக்கில் அழைப்பாணை வந்து கலங்கிய குடும்பம் ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. சேர்ந்த வாரமே எல்லாத் தாள்களையும் எடுத்துவைத்து, எது நிலுவையில் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நன்று.

பணமும் அப்படியே. உடன்படிக்கையின்படி முதல் தவணை கைக்கு வந்திருந்தால், அது என்ன ஆக வேண்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். மீதமுள்ள 7 பவுனை மீட்க அதையே பயன்படுத்தலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அது உங்கள் இருவரின் கணக்கு, நாம் தலையிடுவதற்கில்லை.

இவ்வளவும் எழுதி அந்தச் சகோதரிக்குத் தனி மடலாக அனுப்பிவைத்தோம். இப்பகுதி அச்சுக்குப் போகும் வேளையில் அவரிடமிருந்து ஒரு சிறு மடல் வந்திருக்கிறது. பங்குத்தந்தை இல்லத்தில் சந்தித்தார்களாம். முதல் அரை மணி நேரம் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டுமே பேசினார்களாம். பிறகு அவர், "உன்னிடம் கேட்டிருந்தால் நீயே கழற்றிக் கொடுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், கேட்கத்தான் வாய் வரவில்லை" என்றாராம். இவர் சட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விட்டாராம். கால் மணி கழித்துத் திரும்பி வந்தாராம். மனுவை இன்னும் திரும்பப் பெறவில்லை. வருகிற வாய்தாவிற்கு இருவரும் சேர்ந்து போய், நீதிபதியிடம் கால அவகாசம் கேட்பதாக முடிவு. புதுநன்மைக்கு அப்பா வருவார் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வருவார் என்று இன்னும் சொல்லவில்லை.

அண்ணனிடம் சகோதரி தாமே சொன்னாராம். அவர் விடையொன்றும் கூறாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், இந்த மடல் எழுதும் நாள்வரை தங்கையோடு பேசவில்லையாம்.